பதினான்காம் கேள்விக்கு ஆறு வரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மனித மனத்தின் ஆழத்திலிருந்தெல்லாம் பிறக்கவில்லை. ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. வாகனக் காப்பீட்டு இழப்பீடு கேட்கும் படிவம், மூன்றாம் பக்கம், பதினான்காம் கேள்வி: "விபத்து எப்படி நடந்தது என்பதைச் சுருக்கமாக எழுதவும்." கீழே ஆறு கோடுகள். ஆறே ஆறு.

கார் என் அக்காவுடையது. அக்கா பிசியோதெரபிஸ்ட். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய்க் கையையும் காலையும் மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பவள். மடக்கு மேசை, மணல் பைகள், ரப்பர் பட்டைகள், ஒரு மின் கருவி, இவ்வளவையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. கார் இருந்தால்தான் வேலை. அந்தக் கார் ஒரு பிற்பகல் மூன்று மணிக்குப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நேராகப் போய் மோதி, இன்ஜின் டாஷ்போர்டு வரைக்கும் உள்ளே வந்துவிட்டது. அக்காவுக்கு மணிக்கட்டில் சுளுக்கு, அவ்வளவுதான். அவளை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்தின் மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஒண்ணாம் தேதி வரைக்கும் பார்க்கிறேன்மா. அதுக்கப்புறம் கார் வச்சிருக்கிற வேற ஆளைப் போட்டுடுவேன்." ஆகவே காப்பீட்டுப் பணம் வர வேண்டும். அதில் இன்னொரு பழைய கார் வாங்க வேண்டும். எல்லாம் ஒன்றாம் தேதிக்குள்.

(கதையில் யாருக்கு என்ன போகப் போகிறது என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவது என் கொள்கை. ஒளித்து வைத்தால் வாசகர் தேட மாட்டார். பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்தவர் கதைக்குப் போய்விடுவார்.)

படிவத்தை அக்கா என்னிடம் நீட்டினாள். வலது மணிக்கட்டில் கட்டு.

"நீதான் எழுதறவனாச்சே. நிரப்பிக் கொடுடா."

"எப்படி நடந்துச்சுன்னு கேட்டிருக்காங்க. என்ன எழுத?"

"சும்மா போய் மோதிட்டேன்னு எழுது."

சும்மாவா! நான் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவன். சும்மா போய் எதிலாவது மோதும் பாத்திரத்தை எந்தப் பத்திரிகை ஆசிரியர் ஏற்றுக்கொள்வார்? காரணம் வேண்டும். விபத்து நடந்த இடத்தில் நான் இல்லை என்பது உண்மைதான். இல்லாத இடத்தில் இருப்பதுதானே என் பிழைப்பு?

ஆகவே ஒரு நாயை எழுதினேன்.

2

அந்த நாயிடம் பிறகு வருகிறேன். முதலில் இந்தக் கதையை எப்படித் தொடங்கப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் மறைத்துவிட்டு ஒரே மூச்சில் எழுதியதுபோல் பாவனை செய்கிற எழுத்தாளர்கள் உண்டு. நான் அப்படியில்லை. எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.

முதல் தொடக்கம்: "இரும்புக்கும் நினைவு உண்டு என்று அவள் நம்பினாள். அதனால்தான் அந்த நொறுங்கிய"

[இரும்புக்கு நினைவு கிடையாது, துரு உண்டு. அக்கா அப்படியெல்லாம் எதையும் நம்புகிற ஆளும் இல்லை. அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "கணவன் இறந்தபின் அவளுக்கு மிஞ்சியது அந்தக் கார் ஒன்றுதான். அதன் இருக்கையில் இன்னும் அவனுடைய"

இதை எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"டேய், அவர் உள்ள குளிச்சுட்டு இருக்காருடா."

"கதைக்குக் கொஞ்சம் கனம் வேணும்கா."

"கனம் வேணும்னா நீ செத்துக்கோ. எதுக்கு என் புருஷனைக் கொல்ற?"

அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். குளியலறைக் குழாயும் வாஷ்பேசினும் விற்கிற கடை வைத்திருப்பவர். எதையும் இரண்டு விலை கேட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

"யார் செத்தது?"

"நீங்கதான்," என்றாள் அக்கா.

"எப்ப?"

"இவன் கதையில, முதல் வரியிலயே."

அத்தான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். "என் பேர்ல பாலிசி ஏதாவது போட்டு வச்சிருந்தேனா, மச்சான்?"

"அதெல்லாம் எழுதல அத்தான்."

"பாலிசி இல்லாம எதுக்குய்யா சாகணும்? அடிச்சு எழுது."

அடித்து எழுதினேன். இந்தக் கதையில் அத்தான் திடகாத்திரமாக இருக்கிறார். கதைக்குக் கனம் குறைந்தால் அதற்கு அவர்தான் பொறுப்பு.

3

பணிமனை முற்றத்தில் கார் நின்றது. நின்றது என்று சொல்வது மரியாதைக்காக. முன்பக்கம் பெட்டியைக் காலால் மிதித்ததுபோல் கிடந்தது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் அதன் அடியில் படுத்திருந்தார். வெளியே இரண்டு செருப்புகள் மட்டும் தெரிந்தன. அவர் எழுந்து வந்தபோதுதான் ஆள் எவ்வளவு ஒல்லி என்று தெரிந்தது. சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் அளவு நாடா, முகத்தில் எதுவும் இல்லை.

தொகையை எழுத அக்கா அனுமதிக்கவில்லை. "கடன் கேக்கறவங்களும் கதை படிப்பாங்கடா," என்றாள். ஆகவே காரின் காப்பீட்டு மதிப்பு நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கும் சுலபம், மானமும் தப்பும்.

"ரிப்பேருக்கு எண்பத்தி நாலு ஆகும்," என்றார் சர்வேயர். "எழுபத்தஞ்சைத் தாண்டிட்டாலே எங்க கம்பெனியில முழுச் சேதம்னு எழுதிடுவாங்கம்மா. கார் முடிஞ்சுபோச்சு. இப்ப உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. காரை எங்ககிட்டயே விட்டுட்டா நூறும் வரும். காரை நீங்களே வச்சுக்கிட்டா, இந்த இரும்போட மிச்ச மதிப்பைக் கழிச்சுட்டுக் கொடுப்போம். மிச்ச மதிப்பு இருபது. ஆக எண்பது வரும்."

"நூறே கொடுத்துடுங்க," என்றாள் அக்கா. "எனக்கு ஒண்ணாம் தேதிக்குள்ள கார் வேணும். இதை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

அத்தானைக் காணவில்லை. அவர் முற்றத்தின் மூலையில் பழைய இரும்பு வாங்கும் வியாபாரியோடு தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து திரும்பி வந்தவருடைய நடையே வேறாக இருந்தது.

"மச்சான்," என்று என் காதில் சொன்னார், "அந்தாளு இருபத்தாறு தரேங்கறான். காரை நாமே வச்சுக்கிட்டா எண்பது. அவன்கிட்ட வித்தா இருபத்தாறு. மொத்தம் நூத்தி ஆறு!"

அத்தானின் ரகசியம் கடைக்குள்ளிருந்து தெருவில் போகிறவரைக் கூப்பிடும் அளவில்தான் இருக்கும். சர்வேயர் நிமிர்ந்தார்.

"இருபத்தாறுக்கு எடுக்கறாராமா? நல்லதாப் போச்சு. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. மிச்ச மதிப்பு இருபத்தாறுன்னே போட்டுக்கறேன். உங்களுக்கு எழுபத்தி நாலு வரும்."

அத்தான் விரல்விட்டு எண்ணினார். எழுபத்து நான்கும் இருபத்தாறும் நூறு. இதற்குள் இரும்பு வியாபாரி, "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க," என்று வாசலைத் தாண்டியிருந்தார்.

(மிச்ச மதிப்பு என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. என் மேசை இழுப்பறையில் முழுச் சேதமென்று முடிவான நாவல்கள் மூன்று இருக்கின்றன. ஒன்றில் ஒரு நல்ல மழை இருக்கிறது. இன்னொன்றில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவ்வப்போது அந்த மழையைக் கழற்றி வேறு கதையில் மாட்டுவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை. இலக்கியத்தில் சர்வேயர்கள் கிடையாது. விமர்சகர்கள்தான் இருக்கிறார்கள், அவர்கள் வண்டிக்கு அடியில் படுப்பதில்லை.)

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அக்கா கையெழுத்துப் போடப் பேனா கேட்டாள். சர்வேயர் பேனாவைக் கொடுக்கவில்லை. கோப்பைப் புரட்டினார்.

"ஒரே ஒரு சந்தேகம்மா. நாய் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?"

"எந்த நாய்?" என்றாள் அக்கா.

4

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கா நான் எழுதியதைப் படிக்கவில்லை. இடது கையால் கையெழுத்தை மட்டும் கிறுக்கிவிட்டு, "சரியாத்தானே எழுதியிருப்ப," என்று உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். இருபது வருஷமாக என் கதைகளையெல்லாம் படித்தவள், படிக்க வேண்டிய ஒன்றைப் படிக்காமல் விட்டுவிட்டாள்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் காரைப் பார்த்தேன்.

"ஓ, அந்த நாயா," என்றாள். "இடது பக்கம். இடது பக்கத்துல இருந்துதான்."

"என்ன கலர்?"

"கறுப்பு."

சர்வேயர் தாளை எடுத்து, பணிமனை முற்றத்தில், நான்கு மெக்கானிக்குகள் கேட்க, என் உரைநடையை உரக்கப் படித்தார்:

"'வெயில் சாலையைத் தின்றுகொண்டிருந்த மூன்று மணி. பால் கட்டிய மடியோடு ஒரு பழுப்பு நிறத் தாய் நாய், தன் குட்டிகளை நோக்கியோ, தன் விதியை நோக்கியோ, வலப்புறப் புதரிலிருந்து பாய்ந்தது.' இன்னும் ஒன்றரைப் பக்கம் இருக்கு. ஆறு வரி போதாம இணைப்பு வேற வச்சிருக்கீங்க."

ஒரு மெக்கானிக் 'உச்' கொட்டினார். நாய்க்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்," என்றேன். "தம்பி. எழுத்தாளன்."

"தெரியுது," என்றார். "'தன் விதியை நோக்கி'ன்னு இருக்கே, அது யாரோட விதி? நாயோடதா, காரோடதா?"

இருபது வருஷத்தில் ஒரு விமர்சகர் கூட என்னை இப்படி நறுக்கென்று கேட்டதில்லை. அந்த வாக்கியத்தில் விதி சும்மா அழகுக்கு நின்றுகொண்டிருந்தது.

"நான் பாலத்தைப் போய்ப் பார்த்துட்டுதான் வந்தேன்," என்றார் சர்வேயர். "அங்க புதரும் இல்ல, பிரேக் பிடிச்ச தடமும் இல்ல. நாய் குறுக்க வந்தா காலு தானா பிரேக்குக்குப் போகும். இந்தக் கார் நேரா போய் முட்டியிருக்கு. பொய்யான வாக்குமூலம்னு நான் எழுதிட்டேன்னா உங்களுக்கு ஒரு காசு வராதும்மா. இந்த இரும்புதான் மிஞ்சும்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அத்தான் முதல்முறையாக எந்தக் கணக்கும் போடவில்லை.

"ஃபைலை நிறுத்தி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வாங்க. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்க. ஓட்டும்போது குடிச்சிருக்கக் கூடாது, ஃபோன் பேசியிருக்கக் கூடாது. இந்த ரெண்டும்தான் எங்க கம்பெனியில கறார். வேற எதுவா இருந்தாலும் கொடுத்துடுவாங்க. தூங்கிட்டேன்னு எழுதியிருந்தாக்கூட அன்னைக்கே பாஸ் பண்ணியிருப்பேன்."

போகும்போது திரும்பி என்னிடம் மட்டும் சொன்னார்: "சார், அந்த வெயில் வரி நல்லாத்தான் இருந்துச்சு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் அதோடு போகும். நான் அக்காவையும் சேர்த்துக் கெடுத்திருந்தேன்.

5

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். முதல் பகுதியில் ஒரு விஷயத்தை மழுப்பியிருக்கிறேன். விபத்து நடந்த இடத்தில் நான் இல்லை என்று எழுதினேன் அல்லவா? காரில் இல்லை, வாஸ்தவம். அக்காவின் காதில் இருந்தேன்.

அன்று ஒரு புதிய கதையின் தொடக்கத்தை எழுதி முடித்திருந்தேன். எழுதியதை உடனே யாருக்காவது படித்துக் காட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த யாராவது எப்போதும் அக்காதான். முதல் தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை, ஏதோ அவசரமாக்கும் என்று பயந்துபோய் எடுத்தாள்.

"வண்டி ஓட்டிட்டு இருக்கேன்டா. என்ன?"

"ரெண்டே நிமிஷம்கா. கேளு."

பதினோரு நிமிடம் படித்தேன். அவள் நடுநடுவே "ம்" கொட்டினாள். பிறகு டமாரென்று ஒரு சத்தம். நான் உடனே படிப்பதை நிறுத்திவிட்டேன். "அக்கா, அக்கா" என்று கத்தினேன். தொடர்பு அறுந்துவிட்டது.

ஆக, நாய் வந்ததற்குக் காரணம் இலக்கியமல்ல. என்னை மறைக்க எனக்கு ஒரு நாய் தேவைப்பட்டது. அக்கா "சும்மா மோதிட்டேன்" என்று சொன்னதும் அதற்காகத்தான். அவள் ஒரே சொல்லில் என்னை மறைத்தாள். எனக்கு ஒன்றரைப் பக்கமும் ஒரு தாய் நாயும் வேண்டியிருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அடித்துவிடலாமா என்றும் இருக்கிறது. இருக்கட்டும்.

பணிமனையிலிருந்து திரும்பிய அன்று மாலை அத்தான் கடைக்குப் போன பிறகு சமையலறையில் அவளிடம் சொன்னேன்.

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்கா. ஃபோன் பண்ணினது நான்தான்னு."

அவள் இடது கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லி? ஃபோன் எடுத்தது நான்தானே. சர்வேயர் சொன்னது காதுல விழலையா? பணம் போச்சு. வேலையும் போச்சு."

"என் மனசு கேக்கலக்கா."

"உன் மனசு கேக்கறதுக்கு என் வேலையை விடணுமா? நல்லா இருக்கே! அத்தோட, இவருக்குத் தெரிஞ்சா உன்னை வாசப்படி மிதிக்க விடுவாரா? நீ எனக்கு ஒரே தம்பி. வாயை மூடிட்டு அந்தத் தட்டைத் துடை."

துடைத்தேன். நான் அன்று செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

6

சர்வேயரைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. ஒரு கதைக்கு வில்லன் வேண்டாமா? இவரை லஞ்சம் வாங்குகிறவராக ஆக்கிப் பார்த்தேன். "சர்வேயர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணைச் சிமிட்டி, 'கொஞ்சம் கவனிச்சீங்கன்னா'" என்று ஒரு பத்தி எழுதினேன். அந்த ஒல்லி மனிதர் என் பத்திக்குள் உட்காரவே மாட்டேன் என்றார். வண்டிக்கு அடியில் மண்ணில் படுத்துப் பார்க்கிறவர் கண்ணைச் சிமிட்டுவாரா?

அத்தான் வேறு உண்மையாகவே அந்த வழியை யோசித்தார். "அவர் வீட்டு பாத்ரூமுக்கு ஒரு நல்ல ஷவர் செட் கொடுத்துப் பார்க்கலாமா, மச்சான்? போன வருஷத்து மாடல் ஒண்ணு விக்காம கிடக்கு."

"அவர் அதையும் பிரிச்சுப் பார்த்து மிச்ச மதிப்பு போடுவார் அத்தான்."

[இங்கே சர்வேயரின் குடும்பத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவருக்கு நான் ஒரு நோயாளி மகளைக் கொடுத்திருந்தேன். அக்கா கண்ணில் படுவதற்குள் மகளைக் குணப்படுத்தி, பத்தியையும் எடுத்துவிட்டேன்.]

வில்லன் இல்லாத கதையில் கெட்டது செய்தவன் யார் என்று தேடினால் ஒரு ஆள்தான் மிஞ்சுகிறான். ஆகவே தேடுவதை விட்டுவிட்டேன்.

7

வெள்ளிக்கிழமை. காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் மாடி. சுவரோரம் கோப்புகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. எத்தனை பேருடைய பதினான்காம் கேள்விகளோ! சர்வேயர் ஒரு புதுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். நான் பழக்க தோஷத்தில் பேனாவைத் திறந்தேன்.

"நீங்க வேண்டாம் சார்," என்றார். "அவங்க எழுதட்டும்."

அக்காவுக்குக் கட்டு பிரித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பேனாவை மெதுவாகப் பிடித்தாள். யோசிக்கவில்லை, மேலே பார்க்கவில்லை, பேனாவைக் கடிக்கவில்லை. ஐந்து வரி எழுதிவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள். அப்படியே தருகிறேன்:

"அன்று காலை முதல் நான்கு நோயாளிகளைப் பார்த்தேன். மதியம் சாப்பிடவில்லை. பாலத்தின் மேல் கண் அசந்துவிட்டேன். கார் சுவரில் மோதியது. நாய் எதுவும் வரவில்லை, அதை எழுதியது என் தம்பி, படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு."

சர்வேயர் இரண்டு முறை படித்தார். "ஃபோன் பேசலையே?"

நான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன், நம்புங்கள். மேசைக்கடியில் அக்கா என் பாதத்தின் மேல் குதிகாலை வைத்து அழுத்தினாள். எந்த இடத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்பதைப் படித்துப் பட்டம் வாங்கியவள் அவள். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

"இல்ல," என்றாள் அக்கா.

ஒரே சொல். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றுமில்லை. வெயில் இல்லை, விதி இல்லை.

"இது போதும்மா," என்றார் சர்வேயர். "முன்னாடியே இப்படி எழுதியிருக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க அக்கா நல்லா எழுதறாங்க சார்," என்றார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயமாகவும் இருந்தது, அவள் மேல் பாசம் பொங்கிக்கொண்டும் வந்தது. ஆனால் முதலில் வந்தது பொறாமைதான்.

காரை நிறுவனத்திடமே விட்டுவிடுவதாக எழுதி, இரண்டு சாவிகளையும் மேசையில் வைத்தாள் அக்கா. வெளியே வந்ததும் அத்தான் பெருமூச்சு விட்டார். "இந்த மச்சான் மட்டும் நாயை விடாம இருந்திருந்தா, அந்த இரும்புக்காரன்கிட்ட நிதானமாப் பேசியிருப்பேன். ஆறு போச்சு." ஆறு போனதற்கு இன்றுவரை என்னைத்தான் சொல்கிறார். வேறு எதற்காகவும் அவர் என்னைச் சொல்லவில்லை. ஃபோன் விஷயம் அவருக்குத் தெரியாது.

இருபத்தெட்டாம் தேதி நூறும் வந்தது. முப்பதாம் தேதி ஒரு சாம்பல் நிறப் பழைய கார் வந்தது. ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு மடக்கு மேசையை அதன் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு அக்கா வேலைக்குப் போனாள்.

8

இங்கே முடித்திருக்கலாம். பணம் வந்தது, வேலை தப்பியது, அத்தானும் உயிரோடு இருக்கிறார். ஆனால் முடிவு என்று எழுதிப் பார்த்தால் எதுவும் சரியாக உட்காரவில்லை. எழுதிப் பார்த்தவை இவை.

முடிவு ஒன்று: எழுத்தாளன் மறுநாள் தனியாகப் போய்ச் சர்வேயரிடம் உண்மையைச் சொல்கிறான். [சொல்லவில்லை. போகவே இல்லை. செருப்பு மாட்டிக்கொண்டது வரைக்கும் நடந்தது.]

முடிவு இரண்டு: சர்வேயருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே விட்டுவிட்டார். [இது என் சௌகரியத்துக்காக எழுதியது. அவருக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அவரை நான் அந்த அளவுக்காவது மதிக்கிறேன்.]

முடிவு மூன்று: இந்தக் கதையை எழுதி, யாரிடமும் காட்டாமல் கிழித்துப் போடுகிறான். [கிழிக்கிறவன் எதற்கு எழுத வேண்டும்?]

கிழிக்க மனம் வராமல், ஏழாம் பகுதி வரைக்கும் அக்காவிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். அத்தான் கடையில் சரக்கு இறக்கப் போயிருந்தார். அவள் சாப்பாட்டு மேசையில் தட்டை ஒதுக்கிவிட்டுப் படித்தாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் செத்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். "எந்த நாய்?" என்ற இடத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். ஐந்தாம் பகுதிக்கு வந்ததும் அவள் சிரிப்பு நின்றது. அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு மறுபடி மேலே போனாள். பிறகு மீதியையும் படித்தாள், ஆனால் வேகமாக.

"நல்லா இருக்கு," என்றாள்.

"பத்திரிகைக்கு அனுப்பலாமாக்கா? அந்தச் சர்வேயர் கண்ணில பட்டா?"

"பட்டா என்ன? நாயை விட்ட ஆளு எழுதினதுதானேன்னு விட்டுடுவார். நீ என்ன எழுதினாலும் இனிமே யாரும் நம்ப மாட்டாங்கடா. அனுப்பு."

நான் தாள்களை எடுக்கக் கையை நீட்டினேன். அவள் விடவில்லை. ஐந்தாம் பகுதியில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"'உடனே படிப்பதை நிறுத்திவிட்டேன்'னு எழுதியிருக்க."

"ஆமா."

"நீ நிறுத்தலடா."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"கண்ணாடி பூரா மடியில கிடக்கு. கையைத் தூக்க முடியல. ஃபோன் கீழ எங்கயோ கிடந்துட்டு உன் குரல் வந்துட்டே இருக்கு. நீ அந்தப் பத்தியை முடிச்ச. முடிச்சிட்டு, 'ஆரம்பம் பிடிச்சிருக்கா'ன்னு கேட்ட. 'பிடிச்சிருக்குடா, அப்புறம் பேசறேன்'னு சொன்னேன். நீ 'சரிக்கா'ன்னு வச்சுட்ட."

"சத்தம் கேட்டுச்சுக்கா," என்றேன். "ஒரு வரிதான் பாக்கி இருந்துச்சு. முடிச்சிட்டுக் கேக்கலாம்னு..."

"கேக்கலையே."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"படிவம் எடுத்துட்டு வந்தேனே, அப்பவும் நீ என்ன எழுதன்னுதான் கேட்ட. ஆஸ்பத்திரிக்கு வந்த, ஏதேதோ பேசின. வீட்டுக்கு வந்த, தட்டெல்லாம் துடைச்ச. ரெண்டு மாசம் ஆகுது. என்னாச்சுக்கா, வலிச்சுதா, பயந்துட்டியான்னு ஒரு வார்த்தை நீ கேக்கல. அதுக்குள்ள கதையா எழுதிட்டு வந்துட்ட."

அவள் தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினாள். அந்த 'உடனே'யை அடிக்கச் சொல்லவில்லை. வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

வாசகரே, அந்த 'உடனே' இன்னும் ஐந்தாம் பகுதியில் அப்படியே இருக்கிறது. பலமுறை அடிக்கப் போனேன், கை வரவில்லை. உங்களிடம் பேனா இருந்தால் நீங்களே அடித்துவிடுங்கள்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன் என்பது வரைக்கும் சொல்லலாம். அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே நின்று நான் அதைக் கேட்டேனா, அவள் என்ன சொன்னாள் என்பதை எழுதப் போவதில்லை. எழுதினால் நன்றாக எழுதிவிடுவேன்.